பந்து வராத பக்கம் ஓட யார் வருவார்? ஜார்ஜியா டெக், 2008–2018: ஒரு நிகழ்வு ஆய்வு

2009 அக்டோபர் 17 அன்று அட்லாண்டாவின் பாபி டாட் ஸ்டேடியத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக அணி, தரவரிசையில் 4-ஆம் இடத்தில் இருந்த வர்ஜீனியா டெக்கை 28-23 என்று வீழ்த்தியது. மாணவர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அன்று ஜார்ஜியா டெக் வீசிய பாஸ்களில் பிடிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அதைப் பிடித்தவர் டிமேரியஸ் தாமஸ். மற்ற ரிசீவர்கள் (வீசும் பந்தைப் பிடிக்க வேண்டியவர்கள்) நான்கு குவார்ட்டரும் எதிரணிக்காரனை மறித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வெற்றியைப் பார்த்துப் பயிற்சியாளருக்குப் பூரிப்பு. ரிசீவர்களைச் சேர்க்க ஊர் ஊராகப் போகும் துணைப் பயிற்சியாளருக்கு அதே ஸ்கோர்கார்டு தலைவலி. அட்லாண்டாவைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பந்து பிடிக்கத் தெரிந்த 17 வயதுப் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் ஒருவன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, "எங்களிடம் வா, உன் திறமை உலகுக்குத் தெரியும்" என்று எப்படிச் சொல்வது? பந்தை வீசாமல் கையில் ஏந்தி ஓடும் ஓட்டத்தையே நம்பும் அணி நல்ல ரிசீவரைச் சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு, இந்த 11 சீசன்கள் மாதிரி தெளிவான சோதனைக்களம் கிடைப்பது அரிது.

ஆட்டம் எப்படி ஓடியது

பால் ஜான்சன் 2007 டிசம்பரில் ஜார்ஜியா டெக்குக்கு வந்தார். அதற்கு முன் ஜார்ஜியா சதர்னில் 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டும் ஒரு படி கீழான பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர். பிறகு கடற்படை அகாடமியைத் தூக்கி நிறுத்தியவர். இரண்டு இடத்திலும் அவர் கையில் இருந்தது ஒரே ஆயுதம்: ட்ரிபிள் ஆப்ஷன்.

ஆட்டத்தை நடத்துபவரும் பந்தை வீசுபவருமான குவார்ட்டர்பேக், பந்தை வாங்கியதும் நேர் பின்னால் நிற்கும் ஓட்டக்காரரான பி-பேக்கின் வயிற்றில் வைப்பார். எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டிருப்பார்கள். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் நின்றால் பி-பேக்கிடமே விட்டுவிடுவார். வெளியே ஓடும்போது அடுத்த ஆள் எதிரே வந்தால், பக்கவாட்டில் ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஏ-பேக்குக்குத் தட்டிவிடுவார். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும்.

இதில் வைட் ரிசீவர் இரண்டே பேர், பக்கத்துக்கு ஒருவராக. பெரும்பாலான அணிகள் மூன்று, நான்கு ரிசீவர்களை நிறுத்திய காலம் அது. இங்கே அந்த இருவருக்கும் பெரும்பாலான ஆட்டங்களில் ஒரே வேலைதான். ஆழமாக ஓடப்போவது போலக் கிளம்ப வேண்டும். எதிரே நிற்கும் கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணி வீரர்) பயந்து பின்வாங்கும்போது வேகத்தைக் குறைத்து, அவர் நெஞ்சுக்கு நேராக நின்று, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பி, ஏ-பேக் தாண்டிப் போகும்வரை விடாமல் மறிக்க வேண்டும். சில சமயம் முழங்காலுக்குக் கீழே பாய்ந்து ஆளைச் சாய்க்க வேண்டும். டிவி கேமரா பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும். இந்த உழைப்பு அந்தச் சட்டகத்தின் ஓரத்தில் கூடத் தெரியாது.

ஆனால் இந்த ஆட்டத்துக்குள்ளேயே ரிசீவருக்கு ஒரு பரிசும் ஒளிந்திருந்தது. ஓட்டத்தைத் தடுக்க ஒவ்வொரு ஆளும் தேவைப்படுவதால், எதிரணியில் கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் சேஃப்டி மெல்ல மெல்ல முன்னால் வந்துவிடுவார். அப்போது கார்னர்பேக்குக்குப் பின்னால் காவலுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பந்தை உயர வீசினால், உயரமும் வேகமும் உள்ள ரிசீவருக்கு 50 யார்டு இலவசம். ஜான்சனின் ஆட்கள் வீடு வீடாகச் சொன்ன வாதமும் இதுதான்: பிடிக்கும் பந்து குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது, எப்போதும் உன்னை ஒரே ஆள்தான் காவல் காப்பான்.

கணக்கு பொய் சொல்லவில்லை

இந்த வாதத்துக்கு ஆதாரம் கேட்டால் எடுத்துக்காட்ட ஒரு சீசனே போதும். 2006-இல் இதே கல்லூரியில், முந்தைய பயிற்சியாளர் சான் கெய்லியின் வழக்கமான பாஸ் ஆட்டத்தில், கால்வின் ஜான்சன் 76 பந்து பிடித்து 1,202 யார்டு எடுத்தார். நாட்டின் சிறந்த ரிசீவர் விருதான பிலெட்னிகாஃப் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில் இரண்டாவது ஆளாகப் போனார். மூன்று ஆண்டு கழித்து, ட்ரிபிள் ஆப்ஷனில் தாமஸ் பிடித்தது 46 பந்து, யார்டு 1,154. முப்பது பந்து குறைவு, யார்டு ஏறக்குறைய சமம். ஒரு பிடிப்புக்குச் சராசரி 25 யார்டு. 2010 தேர்வில் டென்வர் அவரை முதல் சுற்றிலேயே, 22-ஆவது ஆளாக எடுத்தது.

அடுத்து ஸ்டீஃபன் ஹில். 2011-இல் 28 பந்து, 820 யார்டு. சராசரி 29-ஐத் தாண்டியது. தேர்வுக்கு முந்தைய பரிசோதனை முகாமில் ஆறடி நான்கு அங்குல ஆள் 40 யார்டை 4.36 விநாடியில் ஓடியதைப் பார்த்து என்.எஃப்.எல். வாயைப் பிளந்தது. நியூயார்க் ஜெட்ஸ் இரண்டாம் சுற்றில், 43-ஆவது ஆளாக எடுத்தது. 2015-இல் டிஆண்ட்ரே ஸ்மெல்ட்டர் நான்காம் சுற்று, டேரன் வாலர் ஆறாம் சுற்று. ஆக ஆறு ஆண்டில் நான்கு ரிசீவர்கள். ஆட்டத்துக்கு 15 பாஸ் கூட வீசாத கல்லூரிக்கு இது அசாத்தியமான அறுவடை. "அங்கே போனால் என்.எஃப்.எல். உன்னை மறந்துவிடும்" என்று போட்டிக் கல்லூரிகள் பரப்பிய பேச்சு பொய் என்பது இதிலேயே தெரிகிறது.

ட்ரிபிள் ஆப்ஷனுக்கு மிகப் பெரிய விளம்பரம் என்.எஃப்.எல்.-லிலேயே நடந்தது என்பது வேடிக்கை. 2012 ஜனவரி 8, டென்வரும் பிட்ஸ்பர்கும் மோதிய பிளேஆஃப் ஆட்டம், கூடுதல் நேரத்தின் முதல் பந்து. டென்வரின் குவார்ட்டர்பேக் டிம் டீபோ. ஓட்டத்துக்குப் பேர் போனவர், வீச்சில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. பிட்ஸ்பர்கின் சேஃப்டிகள் ஓட்டத்தை எதிர்பார்த்து முன்னால் வந்துவிட்டார்கள். தாமஸ் குறுக்கே ஓடிப் பந்தை வாங்கி, கார்னர்பேக் ஐக் டெய்லரை ஒரு கையால் தள்ளிவிட்டு, 80 யார்டு ஓடி முடித்தார். கூடுதல் நேரம் 11 விநாடியில் முடிந்தது. கல்லூரியில் அவருக்குக் கிடைத்துவந்த அதே சூழ்நிலை, வரிக்கு வரி.

ஆனால் இவர்கள் யார் சேர்த்த ஆட்கள்?

இங்கேதான் கதை வேறு மாதிரி ஆகிறது. ஜார்ஜியா டெக் ரசிகர்கள் இன்றைக்கும் இந்த நால்வரின் பெயரை அடுக்கி, "பார்த்தீர்களா, ரிசீவர்கள் வந்தார்களே" என்பார்கள். பெயர்கள் சரி. அவர்கள் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

தாமஸ் 2006-இல் சேர்ந்தவர். ஜார்ஜியாவின் நடுப்பகுதியில் மான்ட்ரோஸ் என்ற சிற்றூர்ப் பையன், பாஸ் வீசும் கெய்லியின் அணியை நம்பி வந்தவன். ட்ரிபிள் ஆப்ஷன் அவன் தேர்ந்தெடுத்தது அல்ல. பயிற்சியாளர் மாறியபோது தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் வேறு கல்லூரிக்குத் தாவினால் ஒரு சீசன் சும்மா உட்கார வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்மெல்ட்டர் வந்தது பேஸ்பால் ஆட. பந்து எறிபவராகச் சேர்ந்து, தோளில் காயம் பட்டு, 2013-இல் அமெரிக்கக் கால்பந்துக்குத் திரும்பியவர். அவரையும் ரிசீவராகத் தேடிப் பிடித்ததாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே 35 பந்தில் 715 யார்டு எடுத்தார் என்பது அவருடைய உடல்வாகுக்கும் உழைப்புக்கும் சான்று.

மீதி இருப்பவர்கள் ஹில்லும் வாலரும். நால்வரில் இந்த இருவர்தான் ஜான்சன் காலத்தில் ரிசீவராகவே சேர்க்கப்பட்டு என்.எஃப்.எல். தேர்வு வரை போனவர்கள். இருவருமே அட்லாண்டா சுற்றுவட்டாரம், இருவருமே ஆறடி நான்கு அங்குலத்துக்குக் குறையாத உயரம், நல்ல வேகம். ஆட்டத்தின் நுணுக்கம் இன்னும் படியாத பச்சை மண். இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். நேர்த்தியாகத் திரும்பி, இடைவெளி பார்த்து, ஆட்டத்துக்கு எட்டு பந்து பிடிக்கும் பக்குவப்பட்ட பையனுக்கு வேறு பத்துக் கதவு திறந்திருக்கும். ஜார்ஜியா டெக் கதவைத் தட்டக்கூடியவன் வேறு ரகம்: உடல் இருக்கிறது, பயிற்சி இல்லை, மறிக்கச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டான், ஆழமாக ஓடத் தெரியும், மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த "மற்றது" பிறகு அவர்களுக்கே இடித்தது. ஹில் தன் முதல் என்.எஃப்.எல். ஆட்டத்தில் 89 யார்டும் இரண்டு டச்டவுனும் (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) எடுத்தார். ஆனால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு சீசனில் ஜெட்ஸுக்காகப் பிடித்தது மொத்தம் 45 பந்துதான். 2014 சீசன் தொடங்குமுன் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். காயங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கல்லூரியில் பந்து பிடிக்க நாலைந்து வகை ஓட்டப்பாதை மட்டுமே பழகியவர், தொழில்முறையில் ஒரே வாரத்தில் அதைப் பல மடங்கு கற்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. வாலர் கதை இன்னும் சுற்றுவழி. ரிசீவராகத் தேறாமல், எடை கூட்டி, மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக மாறி, 2020-இல் ரெய்டர்ஸுக்காக 107 பந்து பிடித்தார். கல்லூரிக் கடைசி ஆண்டில் அவர் பிடித்தது 26.

வரவேற்பறையில் நடந்த தோல்வி

கிளெம்சனை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், ஒரே மாநாடு (கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் லீக்), ஒரே பையன்களைத் தேடும் கல்லூரி. 2009 மாநாட்டு இறுதியில் ஜார்ஜியா டெக் அவர்களை 39-34 என்று வென்றது (பின்னால் விதிமீறல் விசாரணையில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தப் பட்டத்தைப் பதிவிலிருந்து அடித்தது வேறு கதை). 2011 அக்டோபரில் அதுவரை தோற்காமல் வந்த கிளெம்சனை மறுபடி 31-17 என்று மண்ணைக் கவ்வ வைத்தது.

அதே 2011-இல் கிளெம்சனின் முதலாண்டு மாணவர் சாமி வாட்கின்ஸ் 82 பந்து பிடித்தார். 1,219 யார்டு, 12 டச்டவுன். அந்த ஆண்டு ஜார்ஜியா டெக் அணி மொத்தமாகப் பிடித்த பந்தும் ஏறக்குறைய 82-தான். கூடவே டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் வேறு. 2013-இலும் 2014-இலும் இருவரும் முதல் சுற்றில் போனார்கள். மைதானத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது பையனின் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கலாம். பையனுக்கு ஞாபகம் இருப்பது 82.

போட்டிக் கல்லூரிக்காரர்கள் "என்.எஃப்.எல். போகமாட்டாய்" என்று சொன்னது பொய் என்றேன். அவர்கள் சொல்லாமலே பையன் கண்டுபிடிக்கக்கூடிய உண்மை ஒன்று இருந்தது. ட்ரிபிள் ஆப்ஷனில் ஒரு ரிசீவர் பிழைப்பார், இரண்டாமவர் பட்டினி. 2009-இல் அணி பிடித்த பந்துகளில் பாதிக்கு மேல் தாமஸ் கையில். மறுபக்கம் நின்ற ஹில்லுக்கு அந்த முழு சீசனிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய பந்துகள்தான். மூன்றாவது ரிசீவர் என்ற ஒரு பதவியே இல்லை. நட்சத்திரம் ஒருவரை வைத்து விளம்பரம் செய்யலாம். அவருக்குப் பின்னால் காத்திருக்கும் ஐந்து பேருக்கு என்ன காட்டுவது? ஆள் சேர்ப்பு என்பது ஒருவரைப் பிடிப்பது அல்ல, ஒரு வரிசையை நிரப்புவது. அந்த வரிசைதான் நிரம்பவில்லை.

இன்னொன்று, ரிசீவர் கல்லூரியைப் பார்க்கும்போது கூடவே குவார்ட்டர்பேக்கையும் பார்ப்பார். ஜான்சனின் குவார்ட்டர்பேக்குகள் துணிச்சல்காரர்கள், ஓட்டக்காரர்கள். அவர்களில் ஒருவர் கூட என்.எஃப்.எல். தேர்வில் குவார்ட்டர்பேக்காக எடுக்கப்படவில்லை. 2013-இல் தொடக்க ஆட்டக்காரராக இருந்த வாட் லீ, சீசன் முடிந்ததும் அப்போது ஒரு படி கீழான பிரிவில் இருந்த ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜார்ஜியா டெக்குக்கு ஆள் சேர்ப்பது எந்த ஆட்டமுறையிலும் சுலபமில்லை. எல்லா மாணவரும் கால்குலஸ் படித்தாக வேண்டும், பாடப்பிரிவுகளும் குறைவு, ஒரே மாநிலத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் என்ற யானை உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடைகள் எல்லா இடத்து வீரருக்கும் பொருந்தும். ரிசீவருக்கு மட்டும் அதன் மேல் இன்னொரு பூட்டு.

உச்சமும் வறட்சியும்

2014 இந்த ஆட்டமுறையின் உச்சம். ஆட்டத்துக்கு 342 யார்டு ஓட்டம், 11 வெற்றி, சீசன் முடிவுக் கோப்பை ஆட்டமான ஆரஞ்ச் பௌலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று வென்றது. குவார்ட்டர்பேக் ஜஸ்டின் தாமஸ் அந்த சீசனில் 18 டச்டவுன் வீசினார். அவற்றில் 13 ஸ்மெல்ட்டருக்கும் வாலருக்கும். ஓட்டம் ஓடியதால் பாஸ் பலித்தது என்பார்கள். பாஸைப் பிடிக்க உயரமான இருவர் இருந்ததால் ஓட்டமும் ஓடியது என்பது என் கட்சி. சேஃப்டியைப் பின்னால் நிறுத்தி வைக்கும் பயம் அந்த இருவரால் வந்தது.

மறு ஆண்டு இருவரும் இல்லை. 3 வெற்றி, 9 தோல்வி. காயம்பட்ட ஓட்டக்காரர்கள், சரிந்த முன்வரிசை என்று வேறு காரணங்களும் உண்டு. ரிசீவர் இடம் காலியானது அதில் ஒன்று. 2016 முதல் 2020 வரை ஐந்து தேர்வுகளில் ஜார்ஜியா டெக்கிலிருந்து ஒரு ரிசீவர் கூட எடுக்கப்படவில்லை. டிமேரியஸ் தாமஸ் பெயரைச் சொல்லி வீடு வீடாகப் போனவர்கள் கடைசியில் பத்து வருடப் பழைய சீசனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2018 சீசனோடு ஜான்சன் விலகினார். மொத்தம் 82 வெற்றி. வெற்றிக் கணக்கில் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

கடன் வந்து சேர்ந்தது அடுத்தவர் தலையில். ஜெஃப் காலின்ஸ் 2019-இல் பாஸ் ஆட்டத்துக்கு மாறியபோது அணியில் டைட் எண்ட் என்ற இனமே இல்லை. கனெக்டிகட்டிலிருந்து டைலர் டேவிஸை வரவழைக்க வேண்டியிருந்தது. ரிசீவர்கள் இருந்தார்கள், பந்து பிடித்த அனுபவம் இல்லை. முதல் மூன்று சீசனும் 3 வெற்றி, 3 வெற்றி, 3 வெற்றி. காலின்ஸின் சொந்தக் குறைகளையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஜான்சன் காலத்தில் சேர்ந்த ஜேலன் கேம்ப் 2021-இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டதைப் பார்க்கும்போது, வறட்சிக் காலத்திலும் கல்லூரியில் உடல்வாகு உள்ள ஆட்கள் இருந்தார்கள், அவர்களை யாரும் பார்க்கவில்லை என்றும் தோன்றுகிறது.

ஓட்டம் என்றாலே இதுதானா?

இல்லை. ஓட்டத்தையே நம்பிய நெப்ராஸ்காவிலிருந்து 1984-இல் இர்விங் ஃப்ரையர் தேர்வின் முதல் ஆளாகவே போனார்.  அந்த நெப்ராஸ்கா நாடு முழுக்க ஆள் எடுத்த பெரிய அணி, கேட்டால் வருவார்கள்.

இந்தக் காலத்து உதாரணம் மிச்சிகன். 2023 நவம்பரில் பென் ஸ்டேட்டோடு ஆடியபோது இரண்டாம் பாதி முழுக்கக் கணக்கில் ஏறிய பாஸ் ஒன்று கூட இல்லை. 24-15 என்று வென்றார்கள். அந்த சீசனில் தேசியப் பட்டமும் அவர்களுக்கே. ஆனாலும் ரோமன் வில்சன் 48 பந்து பிடித்து மூன்றாம் சுற்றிலும், கார்னீலியஸ் ஜான்சன் 47 பிடித்து ஏழாம் சுற்றிலும் போனார்கள். வித்தியாசம் எங்கே? வீசியவர் ஜே.ஜே. மெக்கார்த்தி, முதல் சுற்றில் பத்தாவது ஆளாகப் போனவர். ரிசீவர்கள் பழகியதும் என்.எஃப்.எல். ஆட்டத்துக்கு நெருங்கிய ஓட்டப்பாதைகள். அப்படியிருந்தும் மிச்சிகனால் ஒஹாயோ ஸ்டேட்டோடு ரிசீவர் சேர்ப்பில் போட்டி போட முடியவில்லை. காரெட் வில்சன், கிறிஸ் ஓலாவே, ஸ்மித்-என்ஜிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர் என்று முதல் சுற்று வரிசை அங்கேதான் நின்றது. மைதானத்தில் 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் மிச்சிகன்தான் ஜெயித்தது. கிளெம்சன் கதையேதான்.

இன்று இந்தச் சிக்கல் இன்னும் இறுகிவிட்டது. 2021 ஏப்ரலிலிருந்து ஒரு சீசன் உட்காராமலே கல்லூரி மாறலாம். அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். தாமஸைப் போல் பயிற்சியாளர் மாறிய பின்னும் தங்கிப்போவார் என்று இனி யாரையும் எதிர்பார்க்க முடியாது. ரிசீவருக்குப் பந்து போகிறதா என்ற கேள்வி பையனின் முதல் கையெழுத்தோடு முடிவதில்லை, ஒவ்வொரு ஆண்டும் திரும்ப வருகிறது. பாஸ் வீசினால் மட்டும் தங்குவார்கள் என்றும் இல்லை. 2022-இல் ஜார்ஜியா டெக்குக்காக 60 பந்து பிடித்த நேட் மெக்கோலம் நார்த் கரோலைனாவுக்குப் போனார். பிரெண்ட் கீ பயிற்சியில், குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங்கின் கால்களை நம்பி ஓட்டம் மறுபடி தலைதூக்கிய அணியில், எரிக் சிங்கிள்டன் ஜூனியர் முதலாண்டில் 48, இரண்டாமாண்டில் 56 பந்து பிடித்தார். இரண்டு சீசனிலும் அணியில் அதிக யார்டு எடுத்த ரிசீவர் அவர்தான். 2024 சீசன் முடிந்ததும் ஆபர்னுக்குக் கிளம்பிவிட்டார்.